ஆமிச் சாமான் பராமரிப்பு ஒப்பந்தம்: குடுத்த காசுக்குப் பெறுமதி வந்ததோ எண்டு பாக்கிற விதம்

ஓடிட் படிக்கிற தங்கச்சி ஒராள் போன கிழமை கேட்டவ, அண்ணா பாஸ்ட் பேப்பரில இராணுவ வாகனப் பராமரிப்பு ஒப்பந்தத்தில பணத்துக்கான பெறுமதி இருக்கோ எண்டு மதிப்பிடச் சொல்லிக் கிடக்கு, எங்க தொடங்கிறதெண்டே தெரியேல்ல, நோட்ஸில சிக்கனம், வினைத்திறன், விளைதிறன் எண்டு மூண்டு சொல்லு மட்டும்தான் இருக்கு எண்டு. வட்சப்பில குரல் பதிவு போட்டுப் போட்டு எனக்கும் தொண்டை நொந்துபோச்சு, அதால எழுதியே விடுறன், மற்ற பிள்ளையளுக்கும் உதவும்.

யாழ்ப்பாணத்தில ஆமி எண்டாலே எங்கட ஆக்களுக்கு வேற கதையள் ஞாபகம் வரும். குண்டு போடுற கிபிர் விமானத்தின்ர சத்தம் கேட்டு பங்கருக்க விழுந்தெழும்பின ஆக்கள்தானே நாங்கள். அது அங்கால இருக்கட்டும். ஆனா அந்தக் கிபிரில அஞ்சைத் தரமுயர்த்தித் தாறதுக்கு 2021 இல இஸ்ரேல் கொம்பனியோட கிட்டத்தட்ட 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் எழுதினவை, அதில நாங்கள் சவுக்காரம் வேண்டேக்க கட்டின வரியும் கிடக்கு, அப்ப கணக்குக் கேக்கிறதில பிழையில்லை.

நான் ஆமிச் சாமானோட வேலை செய்த ஆள் இல்லை. ரவுணில ஒரு ஒபிசில கணக்குப் பகுதியில கன வருசம் இருந்தனான், அங்க ஒரு ஜெனரேட்டர் நிண்டது. கரண்ட் ஒழுங்கா இல்லாத காலத்தில ஒரு கொம்பனியோட முழுப் பராமரிப்பு எண்டு வருசத்துக்கு இவ்வளவு காசெண்டு எழுதி வைச்சது. பிறகு லைன் சீராகி கரண்ட் நிக்கிறதே குறைஞ்சுபோச்சு, ஜெனரேட்டர் கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணிப் பாக்கிறதோட சரி, ஆனா நாங்கள் நாலு வருசமா அதே காசை வருசம் தவறாமல் கட்டினம், பில்லில பிழையில்லை, கையெழுத்தில பிழையில்லை, மெக்கானிக் பெடியனும் சொன்ன நாளுக்கு வந்து ஒயில் மாத்தினவன். ஒரு நாள் சும்மா இருக்கேக்க மீற்றரில கிடந்த மணித்தியாலத்தை எழுதி காசை அதால வகுத்துப் பாத்தன். தலை சுத்தினது.

இதுதான் முதல் வேலை. விலையைப் பாக்க முந்தி அந்த விலையை எதால வகுக்கப் போறியள் எண்டதை முடிவு செய்யுங்கோ. ஜெனரேட்டருக்கு ஓடின மணித்தியாலம், விமானத்துக்குப் பறந்த மணித்தியாலம், லொறிக்கு ஓடக்கூடிய நிலையில நிண்ட நாள், கப்பலுக்குக் கடலில நிண்ட நாள். மேல காசு, கீழ அது.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம், இலக்கம் எல்லாம் நான் சும்மா வைச்சது. 20 லொறி, வருசத்தில 300 வேலைநாள், அப்ப மொத்தம் 6,000 லொறிநாள். முதலாவது கொம்பனி வருசத்துக்கு 2 கோடி கேக்கிறான், 90 வீதம் ஓடுற நிலையில வைச்சிருப்பன் எண்டுறான். ரெண்டாவது ஆள் 1 கோடி 60 இலட்சம்தான், ஆனா அவன்ர பழைய பதிவைப் பாத்தா 70 வீதம்தான் வரும். மேலோட்டமாப் பாத்தா ரெண்டாவது ஆள் மலிவு. வகுத்துப் பாருங்கோ, முதலாவது 5,400 நாள், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 3,704 ரூபா. ரெண்டாவது 4,200 நாள், 3,810 ரூபா. மலிவெண்டு நினைச்சவன்தான் விலை கூட. கன பேர் விடையை இதோட முடிச்சுப்போட்டு எழும்பிப் போவினம், அதிலதான் புள்ளி போறது. ஏனெண்டா அந்த முகாமுக்கு வருசத்தில உண்மையாத் தேவை 4,000 லொறிநாள் மட்டும்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இப்ப தேவைப்பட்ட ஒரு நாளுக்கு முதலாவது 5,000 ரூபா, ரெண்டாவது 4,000 ரூபா. கதை திரும்பவும் தலைகீழ். மிச்ச 1,400 நாளும் லொறி பளபளவெண்டு கொட்டிலுக்க நிக்கும், அதுக்கும் நாங்கள்தான் காசு. என்ர ஜெனரேட்டரும் இதே கேஸ்தான். இதில வெறும் விலையைப் பாக்கிறது சிக்கனம், முதல் வகுத்தல் வினைத்திறன், ரெண்டாவது வகுத்தல் விளைதிறன், நோட்ஸில கிடக்கிற மூண்டு சொல்லும் இதுதான். ஆனா அவசரத்துக்கு எண்டு மேலதிகமா வைச்சிருக்க வேணும் எண்டு ஆமிக்காரர் சொல்லுவினம், அது நியாயம்தான், எத்தினை லொறி எத்தினை நாளுக்கு எண்டு எழுத்தில தரச் சொல்லுங்கோ, அதையும் தேவையோட கூட்டுங்கோ.

அடுத்தது அந்த 90 வீதம் எண்டதை ஆர் எப்பிடி எண்ணுறது எண்ட பிரச்சினை. ஒப்பந்தத்தில கடைசிப் பக்கங்களில சின்ன எழுத்தில இருக்கும், அதைத்தான் முதல்ல வாசிக்க வேணும். ஸ்பெயார் பார்ட்ஸ் வரும்வரைக்கும் நிக்கிற நாள் கணக்கில வருமோ வராதோ? ஒழுங்கான செர்விசுக்கு ஏத்தின நாள்? றைவர் பிழையாப் பாவிச்சதால வந்த பழுதெண்டு சொல்லித் தள்ளிவிட ஏலுமோ, அப்பிடிச் சொல்லுறது ஆர், கொம்பனியின்ர மெக்கானிக்கே சொல்லுறானோ? இதெல்லாத்தையும் கழிச்சுப்போட்டா ஒரு மாசமா கல்லில ஏத்தி நிக்கிற லொறிகூட பேப்பரில 95 வீதம் காட்டும். எண்ணுற ஆள் பாவிக்கிற ஆளா இருக்க வேணும், காசு வாங்கிற ஆளா இருக்கக் கூடாது.

ஒண்டைக் கழட்டி மற்றதுக்குப் பூட்டுற பழக்கத்தையும் பாருங்கோ. குருநகர்ப் பக்கம் ரெண்டு பழைய எஞ்சின் வைச்சிருக்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், ஒண்டு கடலுக்குப் போகும், மற்றது அதுக்குச் சாமான் குடுத்துக் குடுத்து எலும்புக்கூடாகும். பெரிய நேவியளிலயும் இதே கதைதான், பிரித்தானிய றோயல் நேவியில 2012 இல இருந்து அஞ்சு வருசத்தில இப்பிடிக் கழட்டிப் பூட்டினது 49 வீதம் கூடிப்போச்செண்டும் மொத்தம் 6,378 பார்ட்ஸ் எண்டும் அவையின்ர தேசிய கணக்காய்வு அலுவலகம் 2017 இல எழுதினது. ஒரு தரம் பூட்ட வேண்டிய சாமானுக்கு ரெண்டு தரம் கழட்டிப் பூட்டுற கூலி போகுது, ஆனா ஓடுற நிலை வீதத்தில அது தெரியவே தெரியாது. அதால அந்த எண்ணிக்கையைத் தனியாக் கேளுங்கோ.

இப்ப பார்ட்ஸ் விலை, இதில கொஞ்ச நேரம் மினைக்கெட வேணும். அமெரிக்க ஆமியின்ர அப்பாச்சி, சினூக் ஹெலிகளுக்கு போயிங் குடுத்த பார்ட்ஸை 2011 இல அவையின்ர பாதுகாப்புத் திணைக்களத்து இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஓடிட் பண்ணேக்க, அரசாங்க ஸ்ரோரில 4 சதத்துக்குக் கிடந்த ஒரு சின்ன ஊசிக்கு 71 டொலர் குடுத்தது தெரியவந்தது. சாமான் அவையின்ர ஸ்ரோரிலயே கும்பலாக் கிடந்தது, ஒருத்தரும் போய்ப் பாக்கேல்ல. 2024 இல திரும்ப, அதே போயிங்கின்ர சி-17 சரக்கு விமானத்தின்ர கழிவறைக்குப் பூட்டுற சோப் போத்தலுக்கு கடை விலையைப்போல 80 மடங்கு. டிரான்ஸ்டைம் எண்ட கொம்பனியைப் பாத்தா, 2019 அறிக்கையில எடுத்துப் பாத்த 47 பார்ட்ஸில 46 இல அளவுக்கு மிஞ்சின லாபம், மொத்தம் 1 கோடி 61 இலட்சம் டொலர், பிறகு கொம்பனி திருப்பிக் கட்டினது.

அதுக்காக நீங்கள் ஒவ்வொரு போல்ற்றையும் பாக்க ஏலாது. விலைப்பட்டியலை எடுத்து வருசச் செலவின்ரபடி இறங்குமுகமா அடுக்குங்கோ, மேல இருக்கிற இருபது முப்பதை எடுத்தாலே காசின்ர பெரும் பகுதி அதுக்குள்ள வரும், அதோட கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்து சின்னச் சாமானை எடுங்கோ, களவு சின்னதிலதான் ஒளிச்சிருக்கும். எடுத்த சாமானைக் கையில வைச்சுப் பாருங்கோ, படத்தில இல்லை. இரும்போ, அலுமினியமோ, எவ்வளவு பாரம், எத்தினை இடத்தில கடைஞ்சிருக்கு. லேத் வேலை தெரிஞ்ச ஒரு ஆளிட்ட காட்டினா இதுக்கு எத்தினை மணித்தியாலம் எடுக்கும் எண்டு தேத்தண்ணி குடிச்சு முடிக்க முந்தி சொல்லிப்போடுவார். பொருள் காசு, கூலி மணித்தியாலம், மேற்செலவு, நியாயமான லாபம், கூட்டினா இருக்க வேண்டிய விலை வரும். விமானச் சாமானெண்டா சோதனை, சான்றிதழ் எண்டு கூட வரும், அது உண்மைச் செலவுதான், அதையும் சேருங்கோ. அப்பிடிச் சேர்த்தும் கேட்ட விலை மூண்டு நாலு மடங்கெண்டா விளக்கம் கேக்க வேணும்.

கூலி மணித்தியாலத்தில இன்னொரு பழைய கதை இருக்கு. பிரிஸ்டல் சிட்லி எண்ட பிரித்தானிய எஞ்சின் கொம்பனி 1962 இல வைப்பர் எண்ட விமான எஞ்சினுக்கு ஓடின மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு காசு வாங்கிற முறையைக் கொண்டுவந்தது, பழுதாப்போய் நிண்டா கொம்பனிக்குத்தான் நட்டம், நல்ல முறை, இண்டைக்கும் றோல்ஸ் றொய்ஸ் அதைத்தான் செய்யுது. அதே கொம்பனி அதே காலத்தில அரசாங்கத்துக்கு எஞ்சின் ஓவர்ஹோல், அதாவது முழுசாக் கழட்டித் திருத்திற வேலை, செய்த ஒப்பந்தங்களில தங்கட எஸ்டிமேட்டை வைச்சு விலை நிச்சயிச்சு, உண்மைச் செலவு அதைவிட நல்லாக் குறைவெண்டு பிறகு பிடிபட்டு, 1967 இல கிட்டத்தட்ட 40 இலட்சம் பவுண் திருப்பிக் குடுத்தது. ஆக ஒப்பந்தத்தின்ர வடிவத்தைப் பாத்து நல்லது கெட்டது சொல்ல ஏலாது. செய்து முடிஞ்ச பிறகு உண்மையா எத்தினை மணித்தியாலம் போனது எண்டு கொம்பனியின்ர கொப்பியைத் திறந்து பாக்க உரிமை எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. ஒரே ஒரு ஆள்தான் செய்யக்கூடியவன் எண்ட ஒப்பந்தத்தில போட்டி விலை எண்ட ஒண்டு இல்லை, இந்த உரிமை மட்டும்தான் கையில இருக்கும். பிரித்தானியாவில இப்பிடியான தனி ஒப்பந்தங்களைப் பாக்கிறதுக்கெண்டே 2014 சட்டத்தால ஒரு அலுவலகம் போட்டிருக்கினம்.

எல்லாத்திலயும் கூடக் கவனிக்க வேண்டியது லொக் புக். எப்ப பழுதானது, என்ன மாத்தினது, எத்தினை மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பப் பழுதானது, இதெல்லாம் கொம்பனியின்ர கொம்பியூட்டருக்க மட்டும் இருந்தா அடுத்த தரம் விலை பேசேக்க நீங்கள் குருடன் மாதிரி. வரைபடமும் ரிப்பேர் மனுவலும் அப்பிடித்தான். உலகத்திலயே காசு கூடின, அமெரிக்காவின்ர எஃப்-35 போர் விமானத் திட்டத்திலயும் இந்தப் பிழைதான், தொழில்நுட்பத் தரவை அந்த அரசாங்கம் ஒழுங்கா வேண்டி வைக்கேல்ல, ரிப்பேர் செய்யிற சொந்த டிப்போக்களும் பிந்திப்போச்சு. 2023 மார்ச்சில அந்த விமானங்களில 55 வீதம்தான் வேலைக்கு ஏற்ற நிலை, ரிப்பேருக்குக் காத்துக் கிடந்த பார்ட்ஸ் 10,000 க்கு மேல. அப்ப ஒப்பந்தத்தில தேட வேண்டிய வரி, முடியிற அண்டைக்குப் பதிவுகள் எல்லாம் ஆருக்குச் சொந்தம், எந்த வடிவத்தில எத்தினை நாளுக்குள்ள கைக்கு வரும். அந்த வரி இல்லையெண்டா விலை எவ்வளவு மலிவெண்டாலும் எனக்கெண்டா மனம் வராது.

டொலர் விசயத்தைச் சுருக்கமாச் சொல்லுறன், 2022 இல பட்ட எல்லாருக்கும் விளங்கும். மார்ச்சில 200 சொச்சமா இருந்த டொலர் ரெண்டு மாசத்தில 360 க்குக் கிட்டப் போச்சு. கூலி ரூபாயில, பார்ட்ஸ் டொலரில எண்டா ரெண்டையும் பிரிச்சு எழுதியிருக்க வேணும், மொத்தத் தொகையையும் டொலரோட கட்டிவிட்டா உள்ளூர் மெக்கானிக்கின்ர சம்பளம் கூடாமலே அதுக்குரிய காசு மட்டும் கூடிக்கொண்டு போகும்.

மிச்சம் பிடிச்சம் எண்டு ஆரும் சொன்னா எந்த வருசத்தோட ஒப்பிட்டு எண்டு கேளுங்கோ. பிரித்தானியாவில ஹரியர், டோர்னாடோ விமானங்களின்ர பராமரிப்புச் செலவு 2001-02 இல 71 கோடி 10 இலட்சம் பவுணா இருந்து 2006-07 இல 32 கோடி 80 இலட்சமாக் குறைஞ்சது. நல்ல குறைவுதான், ஆனா விடை எழுதேக்க அதே காலத்தில பறந்த மணித்தியாலம் எவ்வளவு, விமானம் எத்தினை எண்டதையும் பக்கத்தில வைச்சுத்தான் எழுத வேணும், இல்லாட்டி என்ர ஜெனரேட்டர் கணக்கை மறுபக்கத்தால பிழை விட்ட மாதிரிப் போயிடும்.

எங்கட நாட்டில இதுகளை எங்க எடுக்கிறது எண்டும் தங்கச்சி கேட்டவ. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம் போடலாம், ஆனா தேசிய பாதுகாப்பெண்டு மறுக்கிறதுக்கு 5 ஆம் பிரிவில இடமிருக்கு. அதால கேக்கேக்க எத்தினை விமானம் எங்க நிக்குது எண்டு கேளாதேங்கோ, அந்த வருசம் பராமரிப்புக்கெண்டு கட்டின மொத்தத் தொகை, விலைமனு கூப்பிட்டதோ, எத்தினை பேர் போட்டவை, தாமதத்துக்குத் தண்டப்பணம் அறவிட்டதோ எண்டு காசுப் பக்கமாக் கேளுங்கோ. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின்ர அறிக்கையளில பாதுகாப்பு அமைச்சுப் பகுதியை வாசியுங்கோ. 2006 இல எங்கட விமானப்படைக்கு மிக்-27 போர் விமானம் நாலை வேண்டி, இருந்த நாலை ஓவர்ஹோல் பண்ணின விவகாரம் தெரியும்தானே, காசு ஆற்ற கணக்குக்குப் போனது எண்டதுதான் அதில பெரிய கேள்வி. அப்ப பில்லில இருக்கிற பேரும் ஒப்பந்தத்தில இருக்கிற பேரும் ஒண்டோ எண்டு பாக்கிறதையும் உங்கட செய்யவேண்டிய வேலையளில சேருங்கோ, அஞ்சு நிமிச வேலை.

எங்கட ஜெனரேட்டருக்கு நான் செய்தது இவ்வளவுதான், ஒரு சீ.ஆர் கொப்பி வேண்டி மீற்றருக்குப் பக்கத்தில சணல் கயிறால கட்டிவிட்டு, வோச்சரிட்ட ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இலக்கத்தை எழுதச் சொன்னன். அடுத்த வருசம் விலை பேச வந்தவரிட்ட கொப்பியை நீட்ட, ரெண்டு பக்கம் புரட்டிப்போட்டு, சரி அண்ணை, வந்து பாக்கிற தரத்துக்குக் காசு எண்டு மாத்தி எழுதுவமோ எண்டு அவரே கேட்டவர்.