சோர்வு நோய்க்குக் காரணம் கண்டார்களா? ஆய்வைப் படிக்கும் விதம்

என் தங்கைக்கு நாள்பட்ட சோர்வு நோய். "காரணம் தெரிந்துவிட்டது" என்று யாராவது செய்தி அனுப்பினால், வேறு ஆய்வகத்திலும் அதே முடிவு வந்ததா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

2009இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள்; எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது அது. 101 நோயாளிகளில் 68 பேருக்கு வைரஸ்; நலமாக இருந்த 218 பேரில் 8 பேருக்கு மட்டும். அசைக்க முடியாத கணக்காகத் தெரிகிறது, இல்லையா? மற்றவர்கள் தேடியபோது கிடைக்கவில்லை. எலிகளில் வளர்த்த புற்றுநோய்த் திசுவில் உருவாகி, சோதனை மாதிரிகளில் கலந்த வைரஸ் அது. 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம், மாதிரி யாருடையது என்று தெரியாமல் சோதித்தார்களா? 2012இல் 147 நோயாளிகளை அப்படிச் சோதித்தபோது, ஒருவரிடமும் வைரஸின் மரபணு இல்லை.

சிறு வேலை செய்தாலே உடல் மோசமாகிவிடுவது இந்த நோயின் முக்கிய அடையாளம்; அப்படி ஆகிறதா என்று நோயாளிகளிடம் கேட்காத ஆய்வை நான் ஒதுக்கிவிடுவேன்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை மருந்தை மாற்றாதீர்கள். 2009 ஆய்வை நம்பி அந்த நாட்களில் சிலர் எச்ஐவி மாத்திரைகளையே சாப்பிட்டார்கள்.