குடை இல்லை: கரோக்கேயில் இனோவே யோசுய் பாடுவது எப்படி?

ஜப்பானில் கவாசாகி நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வருஷக் கடைசி ஆபீஸ் விருந்து முடிந்து எல்லோரும் கரோக்கேக்குப் போனோம். ஜப்பானியப் பாடகர் இனோவே யோசுயின் ‘ஷோனென் ஜிதாய்’ பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிய துண்டுச் சீட்டோடு மைக்கைப் பிடித்து, “கசெ அசாமி...” என்று உருகினேன். எங்கள் புச்சோ (துறைத் தலைவர்) குலுங்கிச் சிரித்துவிட்டு, “யாருப்பா அந்த அசாமி?” என்றார்.

அசாமி பெண்ணின் பெயர். பாட்டில் இருப்பது ‘அஃஜாமி’, முள்செடி ஒன்றின் பூ. அதிலும் ‘கஃஜெ அஃஜாமி’ என்று ஒரு பூவே கிடையாது, யோசுய் தானாக உண்டாக்கிய சொல். இல்லாத பூவை நான் இருக்கிற பெண்ணாக்கிவிட்டேன்.

அறுபது தாண்டிய ஜப்பானியர் இருக்கும் அறையில் யோசுய் பாட்டு ஒன்று கைவசம் இருப்பது நல்லது. 1973-இல் வந்த இவருடைய ‘கோரி நோ செகாய்’தான் அங்கே பத்து லட்சம் பிரதி தாண்டிய முதல் எல்.பி. இசைத்தட்டு. அப்பா பல் மருத்துவர். மகனும் பல் மருத்துவக் கல்லூரிக்கு மூன்று தடவை நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றுத்தான் பாட வந்தார்.

முதலில் சீட்டைச் சரி செய்யுங்கள். தமிழில் ஒரே ‘க’தான், ஜப்பானியத்தில் வல்லோசை (ka) வேறு, மெல்லோசை (ga) வேறு. அவர்கள் எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு போட்டு மெல்லோசையைக் காட்டுவார்கள். அதையே க, ச, த, ப மேல் நாமும் போடலாம். கோடு இல்லையென்றால் சொல்லின் நடுவிலும் அழுத்தியே சொல்ல வேண்டும். ‘உள்ளே’ என்பதற்கான சொல்லை ‘நக’ என்று எழுதினால் நம் நாக்கு ‘நகம்’ மாதிரி குழைத்துவிடும். சரி, ‘நக்க’ என்று எழுதலாமே என்றால், ஒரு தட்டு கூடித் தாளம் போய்விடும்.

தாளம் என்றால் மாத்திரைதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அது நமக்குப் பழக்கம். மெய்யெழுத்தில்தான் சறுக்குவோம். நமக்கு ‘ன்’ அரை மாத்திரை, அவர்களுக்கு முழுசாக ஒன்று. “என்ன?” என்று கேட்கும் ‘நன் தெசு க’வை ந-ன்-தெ-சு-க என்று ஐந்து விரல் மடக்கிச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் ‘தெஸ்கா’ என்று விழுங்குவதைப் பாட்டில் விழுங்கக் கூடாது.

இந்தச் சொற்கள் வரும் வரியோடுதான் ‘யுமெ நோ நாகா எ’ (1973) தொடங்குகிறது. தேடுவதை விட்டுவிட்டு ஆட வா என்று கூப்பிடும் துள்ளல் பாட்டு. ஆரம்பத்துக்கு இதை எடுங்கள், அறையே கூடப் பாடும்.

அடுத்து எனக்குப் பிடித்த பாட்டு, ‘காசா கா நாய்’ (1972). தலைப்பைப் பார்த்து என் மனைவி, “எந்த நாய்?” என்றாள். ‘காசா’ குடை, ‘நாய்’ இல்லை. ஊரில் இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்வதாகப் பேப்பரில் செய்தி. பாடுகிறவனுக்கோ இன்றைய மழைதான் கவலை. அவளைப் பார்க்கப் போகணும், குடை இல்லை. ரொபர்ட் கேம்பெல் என்ற பேராசிரியர் இதை ஆங்கிலமாக்கியபோது ‘எனக்கு’ என்பதையும் சேர்த்தாராம். யோசுய் ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் ‘குடை இல்லை’தான் என்றார். நமக்கு இந்தத் தகராறே வராது. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது. அதனால் இதை மனப்பாடம் செய்யாதீர்கள், குடை இல்லாமல் வாசலில் நிற்கிற ஆளின் அலுப்போடு தமிழில் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஜப்பானியத்துக்குப் போங்கள். செய்தி வரும் வரிகளைத் தட்டையாக, வாசிக்கிற மாதிரி விடுங்கள். குரலை எல்லாம் குடைக்கு வையுங்கள்.

‘ரிவர்சைட் ஹோட்டல்’ பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கதவு ‘உலோகத்தாலான மெட்டல்’ என்று அதில் ஒரு வரி, நம்ம ‘நடு சென்டர்’ ரகம். எனக்கு அங்கே சிரிப்பு வந்துவிடும்.

‘ஷோனென் ஜிதாய்’ (1990) கடைசியில். மெதுவான பாட்டு, பிழை ஒளிய இடமே கிடையாது.

யோசுய்க்கு மேல் ஸ்தாயி ஊதித் தள்ளுகிற காரியம், நமக்கு அப்படியில்லை. ரிமோட்டில் ‘கீ’ என்ற பட்டனை இரண்டோ மூன்றோ படி இறக்கிவிடுங்கள். பாட்டு தொடங்கும் முன்பே இறக்குங்கள். பாதியில் இறக்கினால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.