பனிக்காலத்தில் ஆறு பேராகச் சைக்கிள் ஓடுவது எப்படி

போன தை மாதக் கடைசியில், கனடாவின் ரொறன்ரோவில், ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்துப் பாலத்தில் எங்கள் குழுவில் மூன்று பேர் அடுத்தடுத்து விழுந்தோம். அதுவரை வந்த பாதை காய்ந்து கிடந்தது. முன்னால் போனது நான். பாலத்தில் ஏறியதும் பலகை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக மினுங்கியது. ஈரம் என்று நினைத்துப் பிறேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். பின்னால் வந்த இரண்டு பேரும் கோடைகாலத்தில் ஓடுவதுபோல என் பின்சில்லை ஒட்டியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு வீங்கி ஆறு வாரம் சைக்கிள் தொட முடியவில்லை.

பாலத்துக்கு மேலும் குளிர்காற்று, கீழும் குளிர்காற்று. மண்ணின் சூடு அதற்குக் கிடையாது. அதனால் தெரு காய்ந்திருந்தாலும் பாலம் முதலில் உறைந்துவிடும். இப்போது நாங்கள் எந்தப் பாலத்துக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொருவராக, பிறேக்கைத் தொடாமல், ஹான்டிலைத் திருப்பாமல் கடக்கிறோம். முதல் ஆள் அக்கரை சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் ஏறுவார்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஞாயிறு காலையில் கூடுகிற ஆறு பேர் நாங்கள். போட்டிக்காரர்கள் இல்லை. ஹைலண்ட் கிறீக் பாதையால் ஏரிக்கரைக்கு இறங்கி, போர்ட் யூனியன் வழியாக ரூஜ் பீச் வரை போய்த் திரும்புவோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவர்களுக்குக்கூட இந்தப் பனியில் ஓடுவதை முதலில் இருந்துதான் பழக வேண்டியிருந்தது. இந்த வருடம் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ரயர். ஐஸில் நிற்பது ஆணி ரயர் மட்டும்தான். அதில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைட் முனைகள் ஐஸைக் குத்திப் பிடிக்கும். ஷ்வால்பே, ஃபோர்ட்டிஃபைவ் நோர்த் போன்றவை நல்லவை. விலை கூடத்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை முன்சில்லுக்குப் போடுங்கள். பின்சில்லு சறுக்கினால் காலை ஊன்றித் தப்பலாம், முன்சில்லு சறுக்கினால் நினைக்கும் முன்பே நிலத்தில் கிடப்பீர்கள். புது ரயரில் முதல் 40 கிலோமீற்றரைத் தார்த் தெருவில் மெதுவாக, இறுக்கிப் பிறேக் பிடிக்காமல் ஓடுங்கள், ஆணி தன் குழியில் இறுகிக்கொள்ளும். காற்றை ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் குறைந்த அளவுக்கு அருகில் வையுங்கள். ஆனால் ஆணி இரும்பில் பிடிக்காது. நகரத்துப் பக்கம் போனால் ஸ்ட்ரீட்கார் (தெருவில் ஓடும் ட்ராம்) தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றி ஒரே விதி: வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் கால் மணி நேரத்தில் வியர்க்கும், அந்த வியர்வைதான் பிறகு உங்களை விறைக்க வைக்கும். பருத்தி வேண்டாம், உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜக்கெட். சப்பாத்து இறுக்கமாக இருந்தால் இரண்டு சோடி மேஸ் போட்டும் பலனில்லை, இரத்தம் ஓட இடம் வேண்டும்.

வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 20 போல. காற்றையும் சேர்த்து மைனஸ் 28 அளவுக்குப் போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். நாங்கள் மைனஸ் 20 போல இருந்தாலே வீட்டில் நின்றுவிடுவோம். போகும் நாளில் காற்றை எதிர்த்துத் தொடங்கி, காற்றோடு திரும்புவோம். வியர்த்துக் களைத்த பிறகு எதிர்க்காற்று வாங்கக் கூடாது.

சரி, குழுவுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

எங்களில் இளையவன் ஒரு தம்பி, கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்தான். ஒருநாள் வழி முழுக்கப் பேசாமல் வந்தான். போர்ட் யூனியனில் நின்றபோது சொக்லேட் உறையைப் பிரிக்கப் பார்க்கிறான், விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுக்கிறான். கையுறையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு விரல் நுனிகள் மெழுகுபோல வெள்ளை. "ஏன்டா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "எல்லாரும் நல்லா ஓடினீங்கள் அண்ணை, நிப்பாட்ட மனம் வரேல்லை" என்றான். ஜக்கெட்டைத் திறந்து அவன் கைகளை என் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். தேய்க்கக் கூடாது, தோல் கிழியும். ஐந்து நிமிடம் கழித்து வலிக்கிறது என்று கண் கலங்கினான். வலி வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நிறம் திரும்பாமல், விரல் கட்டையாகவே இருந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம்.

குளிர்கிறவன் சொல்லமாட்டான். அதனால் கேட்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைசி ஆள் "விரல் தெரியுதா?" என்று கத்துவார், ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். யாருடைய பேச்சாவது குழறினால், நேர்க்கோட்டில் ஓட முடியாமல் தடுமாறினால், அது களைப்பில்லை, உடம்புச் சூடு இறங்குகிறது. உடனே சூடான இடம் தேடுங்கள், தெளியாவிட்டால் 911 அவசர எண்ணை அழையுங்கள். யார் ஒருவர் திரும்பலாம் என்றாலும் ஆறு பேரும் திரும்புவோம். காரணம் கேட்பதில்லை. தனியாக அனுப்புவதும் இல்லை.

ஓடும்போது ஒற்றை வரிசை, இடையில் மூன்று சைக்கிள் நீளம். கைச்சைகை வேண்டாம், இரண்டு கையும் ஹான்டிலில் இருக்கட்டும். வாயால் சொல்லுங்கள்: "ஐஸ்!", "பள்ளம்!", "நிக்கிறன்!" மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு லைட் எப்போதும் வேண்டும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பதால் தொலைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

பஞ்சர் ஆனால் ஒட்டுப்போட நிற்காதீர்கள். பசை குளிரில் சரியாகப் பிடிக்காது. புது ரியூப் இரண்டு கொண்டுபோங்கள். சின்ன வாயுக்குப்பி அடிக்கும்போது வால்வு உறைந்து ஏமாற்றும், கைப்பம்புதான் நம்பிக்கை. இரண்டு பேர் ரியூப் மாற்றும்போது மற்ற நால்வரும் சும்மா நிற்காமல் பக்கத்திலேயே வட்டமடித்து ஓடிக்கொண்டிருப்போம். மாற்றுகிறவர்களின் கை விறைத்தால் ஆளை மாற்றுவோம். பிளாஸ்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணி இருக்கும், தண்ணீர்ப் போத்தலின் வாய் உறைந்துவிடும்.

வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் "வந்திட்டன்" என்று செய்தி போட வேண்டும். ஆறாவது வரும்வரை நான் குளிக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் சைக்கிளை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுவேன். பனி உருகத் தெருவில் போடும் உப்பு ஒரே இரவில் செயினைச் செம்மண் நிறமாக்கிவிடும். கழுவி, பழந்துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு வெளியே வைத்தால் பிறேக் கேபிளுக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து, அடுத்த ஞாயிறு பிறேக் பிடிக்காது.