கொலை நடந்த இடத்தில நினைவுக்கல்லு வைக்கிறதெண்டா

ஊரில ஒரு அரசியல்வாதியைக் கொலை செய்த இடத்தில கல்லு வைப்பம் எண்டு வெளிக்கிட்டா முதல்ல கதைபடுறது கல்லு எவ்வளவு முடியும், ஆரைக் கூப்பிட்டுத் திறக்கிறது எண்டுதான், வசனத்தை ஆரோ ஒருத்தர் கடைசி நேரத்தில இருந்து எழுதுவார். இதை அப்பிடியே தலைகீழாச் செய்யுங்கோ. குடும்பத்திட்டக் கேட்டு ஓம் எண்டு வாங்கினதும் அடுத்த வேலை வசனம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, அந்தக் காலத்தில ஆஸ்திரியா ஆண்ட பொஸ்னியாவில இருக்கிற சரயேவோ நகரத்தைப் பாருங்கோ. 1914 ஜூன் 28 பிரின்சிப் எண்ட பெடியன் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட இடம். 1917ல ஆஸ்திரியாக்காரர் இளவரசருக்குப் பெரிய தூண் எழுப்பிச்சினம், முதலாம் உலக யுத்தம் முடிய அதைக் கழட்டியாச்சு. 1930ல பிரின்சிப் இந்த இடத்தில விடுதலையை அறிவிச்சவர் எண்டு ஒரு பலகை, அதை 1941ல ஜெர்மன் ஆமி கழட்டிக்கொண்டுபோய் ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக் குடுத்தது, 1945ல திருப்பி ஒண்டு, 1953ல இன்னொண்டு, பிறகு தொண்ணூறுகளில வந்த யுத்தத்தோட அதுவும் போச்சு. இப்ப இருக்கிறதில இன்ன திகதி, இந்த இடத்தில இருந்து, இன்னார் இன்னாரைக் கொலை செய்தவர், அவ்வளவுதான். இளவரசரோட செத்த மனுசி சோஃபியின்ர பேரும் அதில இருக்கு, 1930ல இருந்து வந்த விடுதலைப் பலகை ஒண்டிலயும் செத்தவையின்ர பேரே இல்ல!

ஸ்டொக்ஹோமில ஒலோஃப் பால்மவுக்கு நடைபாதையிலயே ஒரு தகடு பதிச்சிருக்கினம். இந்த இடத்தில சுவீடன் பிரதமர் ஒலோஃப் பால்ம கொலை செய்யப்பட்டார், 1986 பெப்ரவரி 28. முடிஞ்சுது. ஆர் சுட்டது எண்டு கடைசிவரைக்கும் ஒரு தண்டனையும் நிலைக்கேல்ல, ஆனா தகட்டில அதால திருத்த ஒண்டுமில்ல. எங்களுக்கும் இந்த அளவு போதும்: திகதி, இடம், முதலெழுத்தோட முழுப்பேர், அண்டைக்கு அவர் வகிச்ச பதவி, கொல்லப்பட்டார்.

மாவீரன், துரோகி, தியாகி ஒண்டும் வேண்டாம். பட்டமும் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன், கொல்லப்பட்ட தமிழ் எம்பிமார் ரவிராஜ், சிவநேசன் எல்லாருக்கும் புலிகள் மாமனிதர் பட்டம் குடுத்தவைதான், ஆனா அதைக் கல்லில வெட்டினா பிறகு சனம் ஆளை விட்டுட்டுப் பட்டத்தைப் பற்றித்தான் சண்டை பிடிக்கும். 2009க்குப் பிறகு வன்னியில புலிகளின்ர போராளியளைப் புதைச்ச துயிலும் இல்லங்களையே புல்டோசர் போட்டு இடிச்சதைப் பாத்த ஆக்களுக்கு நான் மேல விளக்கத் தேவையில்ல. கொலை செய்தது ஆர் எண்டதும் கோட்டுத் தீர்ப்பு இருந்தா மட்டும். ரவிராஜ் கேஸில 2016 டிசம்பரில ஜூரி எல்லாரையும் விடுதலை செய்தது தெரியும்தானே.

கூடச் செத்தவையை மட்டும் விட்டிடாதேங்கோ. 2008 மார்ச் 6 வன்னிக்குள்ள ஏ9 வீதியில கிளைமோர் கண்ணிவெடியில சிவநேசன் எம்பி செத்தபோது ட்ரைவரும் செத்தவர். 2006 நவம்பர் 10 கொழும்பில ரவிராஜோட செத்த பாதுகாப்புப் பொலிஸ்காரர் ஒரு சிங்கள ஆள். அவையின்ர பேரையும் அதே அளவு எழுத்தில போடுங்கோ, கீழ சின்னனா "மற்றும் ஒருவர்" எண்டு போட்டா அந்தக் குடும்பம் வந்து பாக்கேக்க என்ன நினைக்கும்?

இடம். ஏ9 ஓரம் எண்டா அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர காணி, வீதியை அகலமாக்க வந்தா கல்லும் போகும், அதால அவையின்ர கடிதம் இல்லாம கை வைக்கவேண்டாம். உள்வீதி எண்டா பிரதேச சபை. சரியான இடத்துக்குப் பக்கத்தில கோயில் காணியோ வாசிகசாலையோ இருந்தா அவையின்ர நிர்வாகத்திட்ட எழுத்தில வாங்கிக்கொண்டு மதிலுக்கு உள்பக்கம் வைக்கிறது நல்லம், கவனிக்க ஆள் இருக்கும்.

பித்தளைத் தகடு வேண்டாம், ஆரும் களவெடுத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிடுவினம். கறுப்பு கிரனைட்தான், எழுத்தை ஆழமா வெட்டச் சொல்லுங்கோ, மேலால பெயின்ற் மட்டும் அடிச்சா வன்னி வெயிலுக்கு நிக்காது. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டும் போடுங்கோ, சிங்களத்தை அந்தப் பாஷை தெரிஞ்ச ஆளிட்டக் காட்டாம அனுப்பவேண்டாம்.

கடைசியா முக்கியமான ஒண்டு, கல்லு வெட்டுற கடையள் கனபேர் இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிக்கிறவை, நீங்கள் போனில வழமையா அடிக்கிற யூனிகோட்டில வாட்ஸ்அப்பில அனுப்பினதை மாத்தேக்க கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ காணாமப் போகும். போனில பாத்து ஓகே சொல்லாம கடைக்குப் போய் முழு அளவில பேப்பரில அடிச்சு வாங்கி, எழுத்தெழுத்தா ரெண்டுபேர் வாசிச்சு, அதில சைன் வச்சுக் குடுங்கோ. அந்த ஃபைலையும் கேட்டு வாங்கி ரெண்டு வீட்டில வச்சிருங்கோ, கல்லை ஆரும் உடைச்சா அடுத்த கல்லுக்குத் திருப்ப முதல்ல இருந்து அலையத் தேவையில்ல.