மாடல் 100-ஐ மறுபடி செய்யப் போகிறீர்களா? முதலில் ராஸ்பெர்ரி பையைக் கீழே வையுங்கள்

பழைய கையடக்கக் கணினிப் பித்துப் பிடித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு சீக்கிரமே 1983-க்குப் போய்விடும். டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்த ஆண்டு அது. தயாரித்தது ஜப்பானின் கியோசெரா. கிட்டத்தட்ட அதே இயந்திரத்தை என்இசியும் ஒலிவெட்டியும் தங்கள் பெயரில் விற்றன. ஏ4 தாள் அளவு, முழு அளவுக் கீபோர்டு, 8 வரித் திரை, 4 டபுள் ஏ பேட்டரி, அவ்வளவுதான். "இதை இன்றைய பாகங்களை வைத்துச் செய்தால் எப்படி இருக்கும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "ராஸ்பெர்ரி பையை உள்ளே வைத்துவிடலாம்" என்று அடுத்தவர் சொல்வார் (உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினிப் பலகை அது). முதல் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

மாடல் 100-இல் இருந்தது 2.4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 80சி85 பிராசஸர். நினைவகம் அதிகபட்சம் 32 கிலோபைட். இதைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆனால் பொத்தானைத் தள்ளினால் மெனு கண்முன்னே நிற்கும். கோப்புகள் எல்லாம் ராமிலேயே இருக்கும். கணினியை அணைத்தாலும் அந்த ராமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எனவே 'பூட்' ஆவது, 'சேவ்' செய்வது என்ற பேச்சே இல்லை. பத்திரிகையாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு இது பெரிய காரணம். ராஸ்பெர்ரி பை 4-இல் லினக்ஸ் இயங்குதளம் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். லேப்டாப்பைப் போல மூடிவைத்தால் தூங்கும் வசதியும் அதில் கிடையாது. சரி, அணைக்காமலே வைத்துக்கொள்ளலாம் என்றால் பேட்டரி விடாது.

அந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நல்ல அல்கலைன் டபுள் ஏ ஒன்றில் ஏறக்குறைய 3 வாட்-மணி இருக்கும், அதாவது ஒரு வாட்டை மூன்று மணி நேரம் தரும் அளவு. நான்குக்கு 12. மாடல் 100 அதை வைத்துக்கொண்டு 20 மணி நேரம் ஓடியது என்றால், அது இழுத்தது அரை வாட் சொச்சம். பை 4 சும்மா இருக்கும்போதே 3 வாட் பக்கம் கேட்கும். பின்னொளித் திரைக்கு இன்னொரு 2 வாட் வையுங்கள். 12-ஐ 5-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. நிஜத்தில் இன்னும் குறையும், ஏனென்றால் வேகமாக இழுக்க இழுக்க அல்கலைன் தன் முழுக் கொள்ளளவைத் தருவதில்லை. மாடல் 100-இன் சாயலில் வந்த டெவ்டெர்ம் என்ற கையடக்கக் கணினி, 18650 என்ற சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரிக்குப் போனது. அது தப்பில்லை. ஆனால் எந்தக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி என்ற சௌகரியம் போய்விடும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுங்கள்.

எழுதுவதற்கு மட்டும் ஒரு கருவி வேண்டுமென்றால் மைக்ரோகண்ட்ரோலர் போதும், அதாவது முழு இயங்குதளம் இல்லாமல் ஒரே நிரலை ஓட்டும் சின்னச் சில்லு. வைஃபையோடு வரும் இஎஸ்பி32 என்ற சில்லை எடுத்தால் அந்த வைஃபையை அணைத்து வையுங்கள், அதுதான் மின்சாரத்தைக் குடிப்பது. அப்புறம், இதில் தமிழ் தட்டச்சு செய்யும் ஆசை இருந்தால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. மாடல் 100-இல் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 6-க்கு 8 புள்ளி. 'ண'வை அதற்குள் அடக்கிப் பாருங்கள், பிறகு பேசலாம். 'கொ' என்று காட்ட வேண்டுமானால் மெய்க்கு இரண்டு பக்கமும் குறியை வைக்கும் நிரல் வேண்டும். லினக்ஸில் அது இனாமாகக் கிடைக்கும், மைக்ரோகண்ட்ரோலரில் நீங்களே எழுத வேண்டும்.

திரை விஷயத்தில் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். பழைய திரை 240-க்கு 64 புள்ளி, அதாவது நீளம் அகலத்தைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வடிவுக்கு ஆசைப்பட்டு 1920-க்கு 480 பட்டைத் திரையை வாங்குவார்கள். பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும், ஆனால் பின்னொளி பேட்டரியைத் தின்றுவிடும். இன்னொரு கூட்டம், மின்நூல் கருவிகளில் இருக்கும் மின்தாள் திரைக்கு ஓடும். படிக்க அருமையானது. தட்டச்சு செய்யும்போதுதான் எழுத்து விரலுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருவது தெரியும். வாங்குவதற்கு முன் அதில் ஒரு பத்தியாவது அடித்துப் பாருங்கள். பின்னொளி இல்லாமல், மேலே விழும் வெளிச்சத்திலேயே தெரியும் பிரதிபலிப்பு எல்சிடிதான் பழைய இயந்திரத்துக்குக் கிட்டே வரும் என்பது என் கட்சி. இருட்டில் ஒன்றும் தெரியாது, பழையதிலும் தெரியாது.

கீபோர்டைச் சுருக்காதீர்கள். சட்டைப்பையில் போட வேண்டும் என்று ஆரம்பித்தால் அது வேறு கருவி. மூடித் திறக்கும் வடிவம் என்றால் எடைக்கணக்கும் சேர்ந்துகொள்ளும்: திரைப்பக்கம் கனத்தால் பின்னால் கவிழும். 1997-இல் வந்த சையன் சீரிஸ் 5 என்ற கையடக்கக் கணினியைத் திறந்தால் கீபோர்டு முன்னால் நகர்ந்து வரும், திரை அதன்மேல் சாய்ந்து நிற்கும். அழகுக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது. மாடல் 100 ஒரே பலகை, கீலே கிடையாது. முதல் முயற்சிக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

பெட்டியை முப்பரிமாண அச்சில் எடுத்துவிடலாம் என்பார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். பாதிப் பெட்டியைக் கணினியில் வரைந்த பிறகுதான் என் அச்சு இயந்திரத்தின் தட்டை அளந்தேன்: 220-க்கு 220 மில்லிமீட்டர். பெட்டியோ 300-க்கு 215. குறுக்காகத் திருப்பி வைத்தாலும் ஏறாது. இரண்டாக வெட்டி ஒட்டினால் மூட்டு சரியாக 'டி', 'ஒய்' விசைகளுக்கு நடுவே, கை அழுந்தும் இடத்தில் வந்தது. அட்டைப்பெட்டியைக் கத்தரித்து ஒரு மாதிரி செய்து, ஒரு வாரம் மடியில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த உழைப்பு மிஞ்சியிருக்கும்.

சார்ஜ் செய்ய யூஎஸ்பி-சி வைக்கிறீர்களா? அந்த இணைப்பில், மின்சாரம் வேண்டும் என்று சார்ஜருக்குச் சொல்லும் சிசி முனைகள் இரண்டு உண்டு; அவற்றுக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். விட்டுவிட்டால், இரண்டு நுனியிலும் யூஎஸ்பி-சி உள்ள கேபிளில் மின்சாரமே வராது. 2019-இல் வந்த பை 4-இன் முதல் பதிப்பே இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டு, சில கேபிள்களில் வேலை செய்யாமல் மாட்டிக்கொண்டது.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தை, பெட்டிக்காக மட்டும் குடைந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பொறுக்காது. செத்துப்போன ஒன்றைத் தேடி எடுங்கள். 'செத்தது' என்று சொல்வதிலும் பல பிழைத்துவிடும். உள்ளே போர்டில் பற்றவைத்த சிறிய நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று இருக்கும், அணைத்த பிறகு ராமுக்கு உயிர் கொடுப்பது அதுதான். நான் திறந்த ஒன்றில் அது கசிந்து, சுற்றியிருந்த செம்புக் கோடுகள் பச்சையாகப் பூத்திருந்தன. பேட்டரியை எடுத்துவிட்டு, வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஆல்கஹாலில் கழுவி, அறுந்த இரண்டு கோடுகளுக்கு மெல்லிய கம்பி பற்றவைத்தேன். மெனு வந்துவிட்டது. குடைந்தெடுக்க வாங்கிய பெட்டி அது. இப்போது நான் எழுதுவதே அதில்தான்.