ரிமாண்ட் ஆன ராத்திரியே செயினை அடகு வைக்காதீர்கள்

கேரளாவில், பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். தம்பி கள்ளு வண்டி ஓட்டுகிறவன். கள்ளு ஷாப்பு வாசலில் நடந்த அடிதடியில் அவன் பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. ரிமாண்ட் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோர்ட் வாசலில் நின்ற ஒருவர், "ரெண்டே நாளில் வெளியே எடுத்துடலாம்" என்றார். செயினை அடகு வைத்து 40,000 கொடுத்தேன். வக்காலத்தில், அதாவது நமக்காக வாதாட வக்கீலுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், தம்பியிடம் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் போனை எடுக்கவே ஆளில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். ஃபீஸ் பேசாமல் வக்காலத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். பிறகு வக்கீலை மாற்ற நினைத்தால் பழையவரின் சம்மதம் கேட்டு அலைய வேண்டும். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகத் தரணுமா என்று பிரித்துக் கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கேட்க நமக்குத்தான் கூச்சம், வாங்குகிறவருக்கு இல்லை.

கையில் காசே இல்லையென்றால் பாலக்காடு ஜில்லா கோர்ட்டில் லீகல் எய்டை, அதாவது இலவச சட்ட உதவியைக் கேளுங்கள். 15100க்கு போன் பண்ணினாலும் வழி சொல்வார்கள். நான் வருமானச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீசில் கால்கடுக்க நின்றுவிட்டுப் போனேன். லீகல் எய்டில் இருந்த வக்கீலம்மா சிரித்துவிட்டார். "கஸ்டடியில உள்ள ஆளுக்கு அது வேண்டாம் சேச்சி." 1987ஆம் வருஷச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. ஆட்களுக்கும்கூட வருமானம் பார்ப்பதில்லை. ஓசி வக்கீல் ஒழுங்காகப் பார்ப்பாரா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அவர் கையில் கேஸ் நிறைய. வாய்தாவுக்கு முந்தின நாள் நாம்தான் ஞாபகப்படுத்தணும். ஆனால் வேலை நடந்தது.

ஜாமீன் கிடைத்த பிறகுதான் நிஜமான செலவு தெரிந்தது. ரெண்டு பேர் ஜாமீன் நிற்கணும், கரம் அடைத்த (நிலவரி கட்டிய) ரசீது கொண்டுவரணும். எங்களுக்கு நிலமா நீச்சா? ஆனைமலையில் இருக்கும் சித்தப்பா பட்டாவோடு வந்தார். தமிழ்நாட்டு நிலம் செல்லாது, உள்ளூர் ஆளைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பினார்கள். கூலிக்கு ஜாமீன் நிற்கிற ஆட்கள் அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். அவர்களிடம் மாட்டாதீர்கள், பொய்க் காகிதம் என்று தெரிந்தால் ஜாமீனே போய்விடும்.

வக்கீலம்மா 1978ஆம் வருஷத்து மோத்தி ராம் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போனார். கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் போட்டு, வேறு ஜில்லாவில் சொத்துள்ள அண்ணன் தம்பி நிற்கக் கூடாது என்று கீழ்க்கோர்ட்டில் தள்ளிவிட்டார்களாம். வெளியூர்க்காரர் என்பதற்காக ஜாமீன்தாரைத் தள்ளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, 1,000 ரூபாய்க்கு அவர் மட்டும் எழுதிக்கொடுத்த சொந்தப் பத்திரத்திலேயே விட்டது. எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், நம்ம பாலக்காட்டில் பிறந்தவர். சித்தப்பா பட்டா செல்லுபடியாகிவிட்டது. யாருமே கிடைக்காவிட்டால், ஜாமீன் உத்தரவாகி ஒரு மாதம் கழித்தும் ஆள் உள்ளேயே இருப்பதைச் சொல்லி நிபந்தனையைக் குறைக்கக் கேட்கலாம். 2023இல் சுப்ரீம் கோர்ட்டே அதற்கு வழி சொல்லியிருக்கிறது.

ஜாமீன் கிடைக்கவில்லையா, ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். 60 நாளில், பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள பெரிய கேஸ் என்றால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லையென்றால் ஜாமீன் நம் உரிமை. ஆனால் தானாக வராது. அவர்கள் பத்திரிகை தாக்கல் செய்வதற்குள் மனு போட்டாகணும், ஒரு நாள் பிந்தினாலும் போச்சு.

குற்றப்பத்திரிகை நகல் கோர்ட்டில் இலவசம். அதற்கு என்னிடம் 600 ரூபாய் வாங்கினார்கள். நீங்கள் கொடுக்காதீர்கள்.