மியாமிக்கு மேட்ச் பார்க்கப் போகும் ராமநாதபுரத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022-ல் கத்தாரில் கால்பந்து உலகக்கோப்பை நடந்தபோது கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்து ஆட்கள் பலருக்கு அது வெளிநாட்டுப் போட்டியாகவே தெரியவில்லை. தோஹாவில் மச்சான் இருப்பார், படுக்க அறை இருக்கும். டிக்கெட் எடுத்தவருக்கு ஹய்யா கார்டு. நாட்டுக்குள் நுழைய அதுவே அனுமதி, மெட்ரோவில் ஏறவும் அதுவே போதும். 2026 போட்டி அப்படியல்ல. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று 3 நாடுகள், 16 நகரங்கள், 104 மேட்ச். ஜூன் 11-ல் தொடங்கி ஜூலை 19 வரை. அதில் 7 மேட்ச் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் மியாமிக்கு. ஜூன் 24 பிரேசில்–ஸ்காட்லாந்து, ஜூன் 27 போர்ச்சுகல்–கொலம்பியா இரண்டும் அங்கேதான் என்பதால் நம் பக்கத்துப் பையன்கள் மியாமியையே குறிவைக்கிறார்கள். கல்ஃப் பழக்கமும், 'நாமளும் கடற்கரைக்காரங்கதானே' என்ற நினைப்பும்தான் அங்கே காலை வாரும்.

முதலில் விசா. டிக்கெட் கையில் இருந்தால் விசா கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். கிடையாது. போட்டியை நடத்தும் ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விசா கொடுப்பதும் மறுப்பதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியின் முடிவு. கட்டிய 185 டாலர் திரும்ப வராது. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டையும் ஓட்டல் அறையையும் தொடாதீர்கள். ஒரு விசாவில் 3 நாட்டையும் சுற்றலாம் என்பதும் தவறு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குள் விடுவார்கள், கனடாவுக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். துபாய்க்கு விசிட்டில் போய், வேலை தேடி, அங்கேயே விசா மாற்றிக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். அதே கணக்கோடு 'மேட்சும் பார்த்த மாதிரி, வேலையும் பார்த்த மாதிரி' என்று அமெரிக்காவுக்குக் கிளம்பக் கூடாது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். திரும்பி வருவீர்களா என்ற சந்தேகத்தோடுதான் அந்த அதிகாரி உங்களைப் பார்க்கிறார். விண்ணப்பத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகச் சொன்னால் அத்தோடு கதை முடிந்தது. 'விசாவுக்கு நான் கேரண்டி' என்று யாராவது பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேட்ச் டிக்கெட் ஃபிஃபாவின் செயலிக்குள்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்ட முடியாது. மறுவிற்பனை என்றால் ஃபிஃபாவின் தளத்திலேயே வாங்குங்கள். வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் என்று பிடிக்கிறார்கள், வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் டிக்கெட் நிஜமானதாக இருக்கும். டிக்கெட் இல்லாமலே போய்ப் பார்ப்போம், உள்ளே விட்டுவிடுவார்கள் என்பது அடுத்த அசட்டுத் துணிச்சல். தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் 2024 இறுதிப் போட்டி, மியாமி மேட்ச்களுக்கான இதே ஸ்டேடியத்தில்தான் நடந்தது. டிக்கெட் இல்லாத கூட்டம் கேட்டை முட்டித் தள்ளியதில் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் வெளியே நின்றார்கள். இந்த முறை காவல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அறை எடுப்பதில் நடக்கும் குளறுபடி வேறு. படத்தில் பார்க்கும் கடற்கரை மியாமி பீச். அது தனி நகரம், நீளமான ஒரு தீவு. ஸ்டேடியம் இருப்பதோ மியாமி கார்டன்ஸில், கடலை விட்டு உள்ளே தள்ளி. இரண்டுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர், நடுவில் பாலங்கள். ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் தங்கிக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டி மண்டபத்துக்கு நேரத்தோடு போய்ச்சேர நினைப்பது போலத்தான் அது. ஸ்டேடியம் வாசலுக்கே போகிற மெட்ரோவும் இல்லை. கொஞ்ச தூரம் ரயில், அப்புறம் ஷட்டில் பஸ் என்று மாறித்தான் போக வேண்டும். கடற்கரையை ஒரு நாள் பார்த்தால் போதும், அறையை வடக்கே, ஸ்டேடியம் பக்கமாக எடுங்கள்.

கடலுக்கு வருவோம். நம் வடகடல் (பாக் விரிகுடா) பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் குழந்தைகள்கூட நிற்பார்கள். தென்கடலின் (மன்னார் வளைகுடா) முரட்டுத்தனமும் தனுஷ்கோடி அரிச்சல்முனை இழுப்பும் நமக்குத் தெரியும், அங்கே யாரும் குளிக்கச் சொல்வதில்லை. மியாமி பீச் பார்வைக்கு வடகடல்போலத் தெளிந்து கிடக்கும், அதில்தான் ஏமாறுவார்கள். அது திறந்த அட்லாண்டிக். கரையில் மோதிய தண்ணீர் ஓரிடத்தில் திரண்டு, வாய்க்கால்போல நேராகக் கடலுக்குள் ஓடும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் ஒரு பட்டை அலையில்லாமல் கிடந்தால், இறங்க நல்ல இடம் அதுதான் என்று தோன்றும். இழுப்பு இருப்பதும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் அதில் களைத்துத்தான் போவான். கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லையா, மிதந்துகொண்டே கையை ஆட்டுங்கள்.

உயிர்காப்பாளர் கூண்டில் கொடி பறக்கும். பச்சை என்றால் பிரச்சினை இல்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. இரண்டு சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. ஊதா பறந்தால் தண்ணீரில் சொறிமீன் (ஜெல்லிமீன்) மாதிரி ஆபத்தான ஏதோ இருக்கிறது என்று பொருள். கரையில் குச்சி நட்டு ரிப்பன் கட்டியிருந்தால் அது ஆமை முட்டையிட்ட இடம், சுற்றிப் போங்கள்.

வெயில் நமக்குப் புதிதல்ல, இடிதான் புதிது. ஜூன், ஜூலையில் ஃபுளோரிடாவில் மதியத்துக்கு மேல் திடீரென்று இடி மின்னலோடு மழை கொட்டும். ஸ்டேடியத்துக்கு அருகே மின்னல் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் எண்ணுவார்கள், நடுவில் இன்னொன்று வெட்டினால் மறுபடி முதலிலிருந்து. 2025 கிளப் உலகக்கோப்பையில் சார்லட் நகரில் நடந்த செல்சி–பென்ஃபிகா ஆட்டம் இப்படித்தான் முடியும் தறுவாயில் ஏறக்குறைய 2 மணி நேரம் நின்றது. ஆகவே மேட்ச் முடிந்த கையோடு ஏர்போர்ட் என்று திட்டம் போடாதீர்கள்.

தேதியில் கோட்டை விடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், 7/6 என்றால் ஜூலை 6. மியாமி நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். மாலை 6 மணி மேட்சின்போது இங்கே மறுநாள் அதிகாலை 3.30. உம்மாவுக்கு வீடியோ கால் போடுமுன் கணக்குப் பாருங்கள்.

சாப்பிட்ட ஓட்டல் பில்லை ஒரு நிமிடம் நிதானமாகப் படியுங்கள். மியாமி பீச்சில் பல கடைகளில் சர்வீஸ் சார்ஜ் என்று 18, 20 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். அதற்குக் கீழே டிப்ஸுக்கு என்று காலியாக ஒரு கோடும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது முறையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

கடைசியாகப் பெட்டி. உப்புக்கண்டம் கூடாது, மாம்பழமும் கூடாது. கருவாட்டுக்குப் பொதுவாகத் தடையில்லை, ஆனால் அங்கே ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி கேட்டதும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து மோப்ப நாய் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் அபராதம்தான், கருவாடும் போய்விடும்.